கோபன்ஹேகனில் ஐந்து நாள், 3, 8, 12 வயதுப் பிள்ளைகளோடு: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

மழைத்துளி கேட்டது:

வணக்கம். ஜூலை நடுவில் ஐந்து நாள் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் போகிறோம். பெரியவர்கள் மூவர்: நாங்கள் இருவரும் மாமியாரும். அவருக்கு முழங்கால் வலி, படி ஏறுவது சிரமம். சுத்த சைவம். பிள்ளைகளுக்கு 3, 8, 12 வயது. விமான டிக்கெட் போட்டாச்சு, மற்றதெல்லாம் இனிமேல்தான்.

கோபன்ஹேகன் கார்டு என்று ஒன்று விற்கிறார்கள். ஐந்து நாளுக்கும் வாங்கினால் லாபமா? விமான நிலையத்திலிருந்து ஸ்ட்ரோலர், பெட்டி எல்லாவற்றோடும் எப்படி ஊருக்குள் போவது? டிவோலி கேளிக்கைப் பூங்காவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்க வேண்டுமா? சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாமா, இல்லை பிள்ளைகளோடு ஆபத்தா? பெரியவனுக்கு வைக்கிங், அறிவியல் என்றால் உயிர். சின்னவளுக்கு மணல் இருந்தால் போதும்.

வடகடல் எழுதியது:

டிக்கெட் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் ஒரு 12 வயது இருக்கிறது. அந்த ஊரில் கோடு போட்டிருப்பதே அந்த வயதில்தான்.

மெட்ரோ, பஸ், ரயில், துறைமுகப் படகு பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். டிக்கெட் வைத்திருக்கும் ஒரு பெரியவர் 12 வயது நிரம்பாத இரண்டு பிள்ளைகளை இலவசமாக அழைத்துப் போகலாம். எனவே 3-க்கும் 8-க்கும் எதுவும் வேண்டாம். 12-க்குச் சிறுவர் டிக்கெட் கட்டாயம். பார்த்தால் சின்னப் பையன்தானே என்று விட்டுவிடாதீர்கள். பரிசோதகர்கள் அடிக்கடி ஏறுவார்கள், பிடித்தால் அபராதத்தில் பேரம் கிடையாது.

ஊருக்குள் மட்டும் சுற்றுவதானால் சிட்டி பாஸ் ஸ்மால் என்ற பயண பாஸ் போதும். 1 முதல் 4 வரையான மண்டலங்கள் அதில் அடங்கும், விமான நிலையமும் சேர்ந்துதான். 24 மணி நேரத்திலிருந்து 120 மணி நேரம் வரை கிடைக்கும். நாள்கணக்கு இல்லை, மணிக்கணக்கு. மாலை 4 மணிக்குத் தொடங்கினால் மறுநாள் மாலை 4 வரை ஓடும்.

கோபன்ஹேகன் கார்டில் டிஸ்கவர் வகைதான் உங்களுக்குப் பொருந்தும். போக்குவரத்தும் எண்பதுக்கும் மேற்பட்ட இடங்களின் நுழைவும் அதில் சேர்ந்தே வரும். ஹாப் வகையில் போக்குவரத்துக்குச் சுற்றுலா பஸ் மட்டும்தான், மெட்ரோ வராது. பெயரைப் பார்த்து வாங்குங்கள். ஒரு பெரியவர் கார்டோடு 3 முதல் 11 வயதுவரை இரண்டு பிள்ளைகள் இலவசம். 12 முதல் 15 வரை ஜூனியர் கார்டு.

ஐந்து நாளுக்கும் வாங்குவது வீண் என்பேன். தேசிய அருங்காட்சியகம், லூயிசியானா கலைக்கூடம் போன்ற இடங்களில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு எப்படியும் இலவசம். கார்டு உண்மையில் மிச்சப்படுத்துவது மிருகக்காட்சி சாலை, நீலக் கோள் மீன் காட்சியகம், கால்வாய்ப் படகு போன்ற நுழைவுக் கட்டணம் அதிகமான இடங்களில்தான். அவற்றை அடுத்தடுத்த இரண்டு நாளில் வைத்துக்கொண்டு 48 மணி நேரக் கார்டு வாங்குங்கள், உங்கள் இருவருக்கும் பெரியவனுக்கும் மட்டும். மற்ற நாள்களுக்கு சிட்டி பாஸ். மாமியாருக்குக் கார்டு வேண்டாம். அவர் எல்லா இடத்துக்குள்ளும் வரப்போவதில்லை. அவருக்குத் தனி பாஸும் வேண்டிய இடத்தில் தனி டிக்கெட்டும் எடுத்தாலே குறைவாக வரும். கார்டின் நேரம் முதல் முறை பயன்படுத்தும்போது ஓடத் தொடங்கும், எனவே விமான நிலையத்தில் இறங்கியதும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து: மூன்றாம் முனையத்திலேயே மெட்ரோவும் ரயிலும் இருக்கின்றன. எம்2 மெட்ரோ கால் மணி நேரத்தில் கொங்கென்ஸ் நைடோர்வ், நோரெபோர்ட் நிலையங்களுக்குக் கொண்டுபோய் விடும். ஆனால் எம்2 மத்திய ரயில் நிலையத்துக்குப் போகாது. தங்குமிடம் அந்தப் பக்கம் என்றால் மெட்ரோவை விட்டுவிட்டு நேரே ரயிலில் ஏறுங்கள். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது: அதே நிலையத்திலிருந்துதான் ஸ்வீடனின் மால்மோவுக்குப் போகும் ரயிலும் புறப்படுகிறது. களைத்துப்போய் வரும் குடும்பங்கள் எதிர்த்திசையில் ஏறிவிட்டால் அடுத்து இறங்குவது கடலுக்கு அந்தப் பக்கம்தான். பலகையில் 'கோபன்ஹேகன் எச்' என்று பார்த்து ஏறுங்கள்.

மெட்ரோவுக்கு ஓட்டுநர் கிடையாது. முன்பக்கக் கண்ணாடி அருகே இருக்கை காலியானால் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு சவாரி. ஆனால் கதவு யாருக்காகவும் காத்திருக்காது. பெட்டி, ஸ்ட்ரோலர், பாட்டி என்று ஏறும்போது குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: ரயிலில் ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்க வேண்டும், நடைமேடையில் விடுபட்டவர்கள் அடுத்த ரயிலில் வர வேண்டும். ரயில் சில நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, பதற வேண்டியதில்லை. எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு.

தகரப்பறை எழுதியது:

டிவோலி பற்றி மட்டும் சொல்கிறேன்.

1843-இல் திறந்த பூங்கா, மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. முழு நாள் தேவையில்லை. காலை 11 மணிவாக்கில் திறப்பார்கள். ஆனால் உங்களுக்கு மாலை 4 மணிக்கு உள்ளே போய் இருட்டும்வரை இருப்பதுதான் சரி. விளக்குகள்தான் அந்த இடத்தின் அழகு, ஜூலையில் வெளிச்சம் மங்கவே இரவு 10 ஆகும். அன்று மதியம் சின்னவளைத் தூங்க வைத்துவிடுங்கள்.

நுழைவு வேறு, சவாரி வேறு. கோபன்ஹேகன் கார்டு நுழைவுக்கு மட்டும்தான். சவாரிகளுக்குத் தனித்தனி டிக்கெட் எடுக்கலாம், அல்லது எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறும் பாஸ் எடுக்கலாம். 12 வயதுக்காரனுக்குப் பாஸ் நிச்சயம் வேண்டும். 8 வயதுக்கும் அனேகமாக வேண்டும். 3 வயதுக்கு வேண்டாம். ராஸ்மஸ் க்ளும்ப் விளையாட்டுத் திடல் நுழைவிலேயே அடங்கும், அவள் அங்கிருந்து வர மறுப்பாள். பலர் மறப்பது: சின்னப் பிள்ளையோடு பெரியவர் துணைக்கு ஏற வேண்டிய சவாரிகளில் அந்தப் பெரியவருக்கும் டிக்கெட் கேட்பார்கள். அதைச் சேர்க்காமல் போட்ட பட்ஜெட் நிற்காது.

புறப்படும் முன் வீட்டிலேயே, செருப்பில்லாமல், மூவரின் உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு சவாரிக்கும் உயர வரம்பு உண்டு, டிவோலி இணையதளத்தில் சவாரிவாரியாகப் போட்டிருக்கிறார்கள். வரிசையில் நின்றபிறகு ஒரு சென்டிமீட்டருக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட எட்டு வயதைச் சமாதானப்படுத்துவது பெரிய பாடு.

ருட்ஷேபேனன் என்ற மர ரோலர் கோஸ்டரைத் தவறவிடாதீர்கள். 1914-இல் கட்டியது. இன்றும் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பிரேக்காரர் உட்கார்ந்து, கையால் லீவரைப் பிடித்துத்தான் வேகத்தைக் குறைக்கிறார். மயில் தோகைபோல் விரியும் திரையுள்ள பாண்டோமைம் அரங்கில் பேச்சே இல்லாத நாடகம் நடக்கும், மொழி தேவையில்லை. மாமியாரும் சின்னவளும் அங்கே உட்காரலாம்.

வெள்ளிக்கிழமை போகாதீர்கள். கோடையில் வெள்ளி இரவுகளில் ராக் கச்சேரி, கூட்டத்தில் ஸ்ட்ரோலரைத் திருப்பக்கூட முடியாது. திங்களிலிருந்து வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தச் சாப்பாடு கொண்டுபோக அனுமதி உண்டு. சைவத்துக்கு அதுவே நிம்மதி.

மிதிகட்டை எழுதியது:

சைக்கிள் கேள்விக்கு வருகிறேன். ஸ்ட்ரோலர் பெற்றோர் கவனிக்க வேண்டியதும் இதேதான்.

கோபன்ஹேகன் வீதியை ஓரத்திலிருந்து பாருங்கள். கார் ஓடும் சாலை கீழே. அதிலிருந்து ஒரு கல் விளிம்பு உயரத்தில் சைக்கிள் பாதை. இன்னொரு விளிம்பு உயரத்தில் நடைபாதை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் புதிதாக வரும் பிள்ளைகள் சைக்கிள் பாதையையும் நடைபாதை என்றே நினைத்து இறங்கி விடுகிறார்கள். காலை 8 மணிக்கு அதில் வருவது ஒன்றிரண்டு சைக்கிள் அல்ல, ஒரு பிரவாகம். முதல் நாளே தெருவில் நிறுத்தி, எந்த விளிம்புக்கு மேல் நிற்க வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டுங்கள். மூன்று வயதைச் சைக்கிள் பாதை இல்லாத பக்கமாகப் பிடித்து நடங்கள்.

இன்னும் ஆபத்தானது பஸ்ஸிலிருந்து இறங்கும் இடம். பல நிறுத்தங்களில் பஸ் கதவு திறப்பது நேரே சைக்கிள் பாதையின்மேல். அங்கே சைக்கிள்காரர்தான் நின்று வழிவிட வேண்டும், பெரும்பாலும் விடுவார்கள். இருந்தாலும் முதலில் ஒரு பெரியவர் இறங்கி வலப்பக்கம் பின்னோக்கிப் பார்த்துவிட்டு, பிறகு பிள்ளைகளை இறக்குங்கள். ஸ்ட்ரோலர் நடுக்கதவு வழியாக ஏறும். அந்த இடம் ஏற்கெனவே நிறைந்திருந்தால் அடுத்த பஸ்தான்.

வாடகைக்கு எடுக்கலாமா என்றால், 12 வயதுக்காரன் நன்றாக ஓட்டுவான், ஒரு பெரியவருக்கும் பழக்கம் உண்டு என்றால் எடுக்கலாம். முன்னால் மரப்பெட்டி வைத்த மூன்று சக்கர வண்டியில் இரண்டு பிள்ளைகளை பெல்ட் போட்டு உட்கார வைக்கலாம். அது சாதாரண சைக்கிள்போல் வளைவில் சாயாது. வேகத்தோடு திருப்பினால் ஒரு சக்கரம் தூக்கும். எனவே பிள்ளைகளை ஏற்றாமல் காலி மைதானத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பழகுங்கள். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் கேட்டு வாங்குங்கள்.

விதிகள் கொஞ்சம்தான், ஆனால் தெரியாமல் ஓட்டினால் பின்னால் வருபவர்கள் மோதுவார்கள். எப்போதும் வலது ஓரம். நிற்கப் போகிறீர்கள் என்றால் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். இடப்பக்கம் திரும்ப நேரடியாக வெட்டக் கூடாது: சந்திப்பைத் தாண்டி எதிர்மூலைவரை நேரே போய், அங்கே நின்று, பாதை காலியானதும் இடப்பக்கம் கடக்க வேண்டும். சிவப்பு விளக்கில், தனிப் பலகை அனுமதித்தால் ஒழிய, வலப்பக்கமும் திரும்பக் கூடாது. காலை, மாலை அலுவலக நேரங்களில் எடுக்காதீர்கள். 10 முதல் 2 வரை நல்ல நேரம்.

சாலையில் ஓட்ட மனமில்லை என்றால் ஃபெல்லெட்பார்க்கன் பூங்காவுக்குப் போங்கள். அங்கே சிறுவர்களுக்கென்றே குட்டிச் சாலை, சிக்னல், குறுக்குக் கோடு எல்லாம் வைத்து ஒரு போக்குவரத்துத் திடல் இருக்கிறது, இலவசம். அதே பூங்காவில் நகரத்துக் கோபுரங்களின் வடிவில் ஏறி விளையாடும் கோபுரத் திடலும் உண்டு. 8 வயதுக்கு இது மிருகக்காட்சி சாலையைவிடப் பிடித்துப்போக வாய்ப்பிருக்கிறது.

மழைத்துளி எழுதியது:

மிக்க நன்றி, எல்லோருக்கும். 48 மணி நேரக் கார்டு என்பது தோன்றவே இல்லை. மேலும் சில: மழை பெய்தால் என்ன செய்வது? மாமியாருக்கும் சின்னவளுக்கும் சாப்பாடு? தங்குவதற்கு ஓட்டலா, அபார்ட்மெண்டா? கடற்கரை பக்கத்தில் உண்டா? ஊருக்கு வெளியே ஒரு நாள் போவதானால் எங்கே?

கஞ்சிக்கலயம் எழுதியது:

ஆறு பேருக்கு அபார்ட்மெண்ட்தான். ஓட்டல் அறைகள் சிறியவை, ஆறு பேரை ஒன்றாக விடமாட்டார்கள், சமையலறையும் இருக்காது. முன்பதிவுக்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, லிஃப்ட் உண்டா? வெஸ்டர்ப்ரோ, நோரெப்ரோ பகுதிப் பழைய கட்டடங்களில் பெரும்பாலும் கிடையாது, மாடிப்படியும் குறுகல். முழங்கால் வலிக்கு ஒத்துவராது. இரண்டு, குளியலறைப் படம். பழைய வீடுகளில் ஷவர், கழிப்பறை எல்லாம் ஒரே சின்ன அறையில் இருக்கும், ஒருவர் குளித்தால் தரை முழுக்க ஈரம். அமாகர் பக்கம், எம்1 பாதையில் ஓரெஸ்டாடில் புதிய கட்டடங்கள், லிஃப்ட் இருக்கும், மெட்ரோவில் ஊருக்குள் சீக்கிரம் வந்துவிடலாம். ஜூலையில் காலை 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும். ஜன்னலுக்குக் கனத்த திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள், இல்லாவிட்டால் மூன்று வயது உங்களையும் சேர்த்து எழுப்பிவிடும்.

சாப்பாடு: அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் நெட்டோ, ரேமா 1000, லிடில் கடைகளில் கிடைக்கும். மசாலா, நல்ல அரிசி வேண்டுமென்றால் நோரெப்ரோ பக்கத்து ஆசியக் கடைகள். அதே தெருக்களில் ஃபலாஃபெல் மலிவு, சைவம். நோரெபோர்ட் நிலையத்தை ஒட்டிய டோர்வெஹாலர்னெ சந்தையில் கஞ்சியை மட்டுமே முக்கியமாக விற்கும் கடை ஒன்று இருக்கிறது. மாமியாருக்கும் சின்னவளுக்கும் அதைவிட இதமான காலை உணவு வெளியில் கிடைக்காது. தெருவோர ஹாட் டாக் வண்டிகளில் பெரும்பாலும் பன்றி இறைச்சி. கம் மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கும், அது சைவம் அல்ல, பாட்டி கையால் வாங்கிக் கொடுக்கும் முன் பாக்கெட்டைப் பாருங்கள்.

குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், பாட்டில் வாங்காதீர்கள். வாங்கினால் விலையோடு 1, 1.50 அல்லது 3 குரோனர் முன்பணம் சேரும். காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள்.

மழைக்கு: பெரியவனுக்கு ஹெல்லெரூப்பில் எக்ஸ்பெரிமெண்டாரியம் என்ற அறிவியல் மையம். எதையும் தொடலாம், இயக்கலாம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள்காட்சி அல்ல. குறைந்தது நான்கு மணி நேரம் ஓடும். ஆனால் ஜூலை மழையில் ஊரே அங்கே வரும், எனவே திறக்கும் நேரத்துக்கே நில்லுங்கள். சின்னவர்களுக்குத் தேசிய அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் சிறுவர் அருங்காட்சியகம்: வைக்கிங் கப்பலில் ஏறலாம், பழைய காலப் பள்ளி வகுப்பில் உட்காரலாம், உடை மாற்றிக்கொள்ளலாம். அதே கட்டடத்தில் வைக்கிங் பொருள்கள் இருப்பதால் பெரியவனும் அப்பாவும் அங்கே போய்விடலாம்.

குடை வேண்டாம். காற்றில் மடங்கிவிடும். தொப்பி வைத்த மழைச்சட்டையும் ஸ்ட்ரோலருக்கு மழை உறையும் போதும். ஜூலையிலும் பகல் 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், படகில் குளிரும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும்.

பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் என்றால் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடக்கூடாது. தலைநகர்ப் பகுதியில் 1813 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்து, அவர்கள் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. மத்திய நிலையத்தருகே ஸ்டேனோ அப்போடேக் 24 மணி நேர மருந்துக்கடை.

மணற்காடு எழுதியது:

கடற்கரைக்கு அமாகர் ஸ்ட்ராண்ட். எம்2 மெட்ரோவிலேயே போகலாம். 2005-இல் செயற்கையாகத் தீவு அமைத்து உருவாக்கியது. தீவுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள உட்கழிதான் உங்கள் சின்னவளுக்கு: ஆழம் குறைவு, அலை இல்லை, மணல் நிறைய. திறந்த கடல் தீவின் அந்தப் பக்கம், காற்று அதிகம். நீலக் கோள் மீன் காட்சியகத்துக்கு அதே பாதையில் காஸ்ட்ரூப்பில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். எனவே காலையில் மீன்கள், மதியம் மணல் என்று ஒரே நாளில் வைத்தால் அலைச்சல் மிச்சம். நீச்சல் தெரிந்த பெரியவனை இஸ்லண்ட்ஸ் ப்ரிக்கெ துறைமுகக் குளத்துக்குக் கூட்டிப் போங்கள். ஊர் நடுவே, இலவசம், கோடையில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். துறைமுக நீரிலேயே குளிக்கும் அளவுக்குச் சுத்தம் செய்திருக்கிறார்கள், அதுவே பார்க்க வேண்டிய விஷயம்.

ஊருக்கு வெளியே இரண்டு யோசனை. சி வரிசை எஸ்-ரயிலில் (புறநகர் ரயில்) கிளாம்பென்போர்க்: ஒரு பக்கம் பெல்வியூ கடற்கரை, மறுபக்கம் ஈராயிரம் மான்கள் திரியும் டைரஹேவன் காடு, அதற்குள் 1583 முதல் இருந்துவரும் பாக்கன் கேளிக்கைப் பூங்கா. பாக்கனுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, சவாரிக்கு மட்டும். நிலையத்திலிருந்து குதிரை வண்டியும் உண்டு, முழங்காலுக்கு உதவும். டிவோலி நெரிசலும் செலவும் யோசனையாக இருந்தால் பிள்ளைகளுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம். இரண்டையும் ஒரே பயணத்தில் வைக்க வேண்டாம்.

மற்றது ஹும்லபெக்கில் லூயிசியானா நவீனக் கலைக்கூடம். ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போகலாம். பிள்ளைகள் வரையவும் செய்யவும் தனிப் பகுதியே இருக்கிறது, வெளியே கடலைப் பார்த்து இறங்கும் புல்வெளி. திங்கள் விடுமுறை. செவ்வாய் முதல் வெள்ளி வரை இரவு 10 வரை திறந்திருக்கும். இந்த இரண்டுக்கும் சிட்டி பாஸ் ஸ்மால் செல்லாது. லூயிசியானாவை 48 மணி நேரக் கார்டுக்குள் கொண்டுவந்தால் ரயிலும் நுழைவும் சேர்ந்து கார்டுக் காசு வெளியே வந்துவிடும்.

தகரப்பறை எழுதியது:

மணற்காடு சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 12 வயதுக்கு பாக்கன், டிவோலிக்கு ஈடாகாது என்று சொல்பவர்கள் உண்டு, அது தப்பு, பாக்கனிலும் நல்ல மர ரோலர் கோஸ்டர் இருக்கிறது. ஆனால் மாமியாருக்கு உட்கார இடம், தோட்டம், நாடகம், நிலையத்துக்கு எதிரிலேயே இருப்பது என்று பார்த்தால் டிவோலிதான் அவருக்கு எளிது. ஒன்றுதான் என்றால் டிவோலி.

வடகடல் எழுதியது:

விட்டுப்போன சில. கடல்கன்னி சிலைக்கென்று தனியாக அலையாதீர்கள். உயரம் 1.25 மீட்டர்தான், கால்வாய்ப் படகிலிருந்து முதுகு மட்டும் தெரியும். பார்த்தே ஆக வேண்டுமென்றால் படகு பஸ்ஸில் நோர்ட்ரெ டோல்போட் வரை போய், அங்கிருந்து நடந்து, பக்கத்தில் காஸ்டெல்லெட் கோட்டைமேட்டில் பிள்ளைகளை ஓடவிடுங்கள். நல்ல வெயில் நாளில் படகு பஸ் நிறைந்துவிடும், ஸ்ட்ரோலர் இருந்தால் காலையிலேயே.

உருண்டைக் கோபுரத்தில் படிக்குப் பதில் 209 மீட்டர் சுழல் சாய்தளம். மாமியாராலும் மெதுவாக ஏற முடியும், ஆனால் உச்சித் தளத்துக்குக் கடைசியில் குறுகலான படி உண்டு. அதற்கு முன்பே அவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளலாம்.

அரண்மனைக் காவலர் மாற்றத்துக்கு 12 மணிக்கு அமாலியென்போர்கில் நின்றால் சின்னவர்களுக்குப் பெரியவர்களின் முதுகுதான் தெரியும். 11:27-க்கு ரோசன்போர்க் கோட்டை அருகே படைக்குடியிருப்பிலிருந்து புறப்படும்போதே பாருங்கள். கூட்டம் குறைவு, கூடவே நடக்கவும் செய்யலாம். பக்கத்திலேயே கொங்கென்ஸ் ஹேவ் பூங்காவில் விளையாட்டுத் திடலும் உண்டு.

ஓட்டல் கதவுக்கு வெளியே, கஃபே வாசலில், ஸ்ட்ரோலரில் தனியாகத் தூங்கும் குழந்தையைப் பார்த்தால் பதறாதீர்கள். பெற்றோர் உள்ளே ஜன்னலருகே இருப்பார்கள், அங்கே அது வழக்கம். படம் எடுக்காமல் கடந்து போங்கள்.